தாய் தந்தையைக் காண மக்கள்மார் வருகிறார்கள்

பஞ்சாங்கம் கைக்கு வந்தவுடன் நான் முதலில் புரட்டுவது மார்கழி மாதத்துப் பக்கத்தைத்தான். அங்கே திருவாதிரை நட்சத்திரம் எந்தத் தேதியில் நிற்கிறது என்று பார்த்து, அதைப் பத்தாம் நாள் என்று வைத்துக்கொண்டு, பின்னோக்கி விரல் விட்டு எண்ணுவேன். ஒன்பதாம் நாள் தேரோட்டம். மூன்றாம் நாள் மக்கள்மார் சந்திப்பு. முதல் நாள் கொடியேற்றம். சுசீந்திரம் அருள்மிகு தாணுமாலய சுவாமி திருக்கோயிலின் மார்கழிப் பெருந்திருவிழாவுக்கு நோட்டீஸ் அச்சாகி வீடு வந்து சேர்வதற்குள், எங்கள் வீட்டுக் காலண்டரில் பத்து நாட்களுக்கும் சிவப்பு மையால் வட்டம் போட்டாகிவிடும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வங்கியில் பேரேடுகளோடு வாழ்ந்தவனுக்குத் தேதிகளை முன்கூட்டியே குறித்துவைக்காவிட்டால் உறக்கம் வராது.

நாகர்கோவிலில் இருந்து கன்னியாகுமரி செல்லும் சாலையில் ஐந்தாறு கிலோமீட்டர் சென்றால், பழையாற்றை அடுத்து, ஏழு நிலை கொண்ட 134 அடி உயரக் கோபுரம் கண்ணில் படும். அதுவே சுசீந்திரம். தாணு என்றால் சிவபெருமான், மால் என்றால் திருமால், அயன் என்றால் பிரம்மன். மூவரும் ஒரே திருவுருவாக எழுந்தருளியிருக்கும் தலம் என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒலிக்கும் கல்தூண்களையும், 1930-ஆம் ஆண்டில் மறுபடியும் நிலைநிறுத்தப்பட்ட மாபெரும் ஆஞ்சநேயர் திருவுருவத்தையும் பார்க்க வெளியூர்களில் இருந்து பேருந்து பேருந்தாக மக்கள் வருகிறார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் அறியாமல் திரும்பிப் போகிற ஒன்று உண்டு. அது இந்தத் திருவிழாவின் மூன்றாம் நாள் இரவில் நடப்பது. அதைப் பற்றி எழுதவே பேனாவை எடுத்தேன்.

அன்று இரவு பத்தரை மணி அளவில், மூன்று ஊர்களில் இருந்து மூன்று பிள்ளைகள் தாய் தந்தையரைத் தேடிச் சுசீந்திரத்துக்கு வந்து சேர்கிறார்கள். கோட்டாற்றில் இருந்து வலம்புரி விநாயகர். தக்கலையை அடுத்த வேளிமலையில் இருந்து குமாரசுவாமி. மருங்கூரில் இருந்து சுப்பிரமணிய சுவாமி. பெற்றோரின் வீட்டில் திருவிழா நடக்கும்போது பிள்ளைகள் வேறு ஊரில் இருக்கலாமா? ஆகவே அவரவர் கோயிலை விட்டுப் புறப்பட்டு, வழியெங்கும் அடியார்களின் வணக்கத்தை ஏற்றுக்கொண்டு, வந்து சேர்கிறார்கள். சுவாமியும் அம்பாளும் பிள்ளைகளை எதிர்கொள்ளும் அந்த நிகழ்ச்சிக்கு எங்கள் பக்கத்தில் வழங்கும் பெயர்தான் மக்கள்மார் சந்திப்பு.

இந்தச் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. வேறு மாவட்டங்களில் இருந்து வருபவர்களுக்கு ‘மக்கள்மார்’ என்பது விநோதமாகத் தோன்றும். மக்கள் என்பதே பன்மையாயிற்றே, அதற்கு மேல் ஒரு ‘மார்’ எதற்கு என்று கும்பகோணத்து நண்பர் ஒருவர் என்னைக் கேட்டதுண்டு. நாஞ்சில் நாட்டில் ஒரே ஒரு மகனைப் பெற்ற தாயும் அவனை “மக்களே” என்றுதான் அழைப்பாள். ஒரு பிள்ளைக்கே பன்மை போதாமல் போகிற நாட்டில், மூன்று பிள்ளைகள் வந்தால் மக்கள்மார் என்றுதானே சொல்ல வேண்டும்? நண்பருக்கு நான் சொன்ன பதில் இது. இலக்கணம் ஏற்குமோ என்னவோ, அவர் ஏற்றுக்கொண்டார்.

குழந்தைப் பாசம் இத்தலத்துக்குப் புதிதும் அன்று. ஞானாரண்யம் என்று பெயர் பெற்றிருந்த இவ்விடத்தில் அத்திரி முனிவரும் அனசூயா தேவியும் வாழ்ந்ததாகத் தலபுராணம் சொல்கிறது. தன் கற்பைச் சோதிக்க வந்த மும்மூர்த்திகளையும் அந்தத் தாய் பச்சிளங் குழந்தைகளாக்கிப் பாலூட்டினாள். உலகைப் படைத்துக் காத்து அழிக்கும் மூவரே ஒருத்தியின் மடியில் குழந்தைகளாகக் கிடந்த இடம் இது. அம்பாளின் கதையோ இன்னும் நெருக்கமானது. அறம்வளர்த்த நாயகி சுசீந்திரத்தை அடுத்த தேரூரில் பிறந்த பெண் என்றும், சுவாமியை வழிபட வந்த இடத்தில் அவரோடே ஒன்றாகிவிட்டாள் என்றும் ஐதீகம். தேரூர்க்காரர்களுக்கு அவள் தங்கள் வீட்டுப் பெண். அந்தக் கணக்கில் வேளிமலையிலும் மருங்கூரிலும் கோட்டாற்றிலும் இருப்பவர்கள் அவர்களுக்குப் பேரப் பிள்ளைகள்! இப்படி ஊருக்கு ஊர் உறவு கொண்டாடிக்கொண்டே இத்திருவிழா நடக்கிறது. கோயிலின் வரலாற்றை ஆராய்ந்து டாக்டர் கே. கே. பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய பெருநூல் 1953-இல் வெளிவந்தது. கல்வெட்டும் நிர்வாக வரலாறும் வேண்டுபவர்கள் அதைத் தேடிப் படிக்கலாம்.

வேளிமலை குமாரசுவாமியைப் பற்றித் தனியாகச் சொல்லத்தான் வேண்டும். புரட்டாசியில் நவராத்திரிக்காகப் பத்மநாபபுரம் சரசுவதி அம்மனோடும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையோடும் திருவனந்தபுரம் வரை பயணம் செய்து, அங்கே ஆரியசாலையில் தங்கி, விழா முடிந்து மலைக்குத் திரும்பியிருப்பார். களைப்புத் தீர்ந்ததோ இல்லையோ, மார்கழியில் மறுபடியும் புறப்பாடு. இந்த முறை பெற்றோரைக் காண. திருவிதாங்கூர் சமஸ்தானக் காலத்து ஏற்பாடு அது, தாய் வீட்டு அழைப்பு இது என்று என் தகப்பனார் வேடிக்கையாகச் சொல்வார். 1956 நவம்பர் 1-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பிறகும் இரண்டு பயணங்களும் நிற்கவில்லை.

என் தகப்பனார் பள்ளி ஆசிரியர். கோட்டாற்றில் வீடு. மூன்றாம் நாள் மாலையில் சீக்கிரமாக இரவு உணவை முடித்துவிட்டு, கையில் தேங்காய், பழத்தோடு, பிள்ளையாரின் புறப்பாட்டுக்காக எங்களைச் சாலையோரத்தில் நிறுத்திவைப்பார். மார்கழிப் பனி. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நாங்கள் நிற்போம். தீவட்டி வெளிச்சம் தொலைவில் தெரிந்ததும், “பிள்ளையார் அம்மையப்பனைப் பார்க்கப் போகிறார், கூடவே போகலாம்” என்பார். அவ்வளவுதான், நடைதான். கோட்டாற்றில் இருந்து இடலாக்குடி கடந்து சுசீந்திரம் வரை நடந்து, சந்திப்பைக் கண்டு, மறுபடியும் நடந்து வீடு திரும்பும்போது என் தம்பி தகப்பனாரின் தோளில் உறங்கிப்போயிருப்பான்.

பிறகு எனக்கு வங்கியில் வேலை கிடைத்தது. தருமபுரி மாவட்டத்தில் ஒரு கிளை. அக்காலத்தில் வங்கிகளின் ஆண்டுக் கணக்கு முடிப்பு டிசம்பர் 31-ஆம் தேதி. கணினி கிடையாது. ஒவ்வொரு சேமிப்புக் கணக்குக்கும் கையால் வட்டி போட்டு, பேரேடுகளைக் கூட்டி, பொதுப் பேரேட்டோடு ஒத்துப்பார்த்து, ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தாலும் அதைக் கண்டுபிடிக்கும்வரை யாரும் வீட்டுக்குப் போக முடியாது. டிசம்பர் கடைசி வாரத்தில் விடுப்புக் கேட்பவனை மேலாளர் பார்க்கும் பார்வையை அந்தத் தலைமுறை வங்கி ஊழியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மார்கழித் திருவாதிரையோ பல ஆண்டுகளில் அதே நாட்களில்தான் வந்து விழும். 1982-இல் டிசம்பர் 30-ஆம் தேதி திருவாதிரை. முந்தைய நாள் சுசீந்திரத்தில் தேர் ஓடியபோது நான் வட்டிப் பட்டியல் கூட்டிக்கொண்டிருந்தேன். அந்த ஆண்டு என் தாயார் எழுதிய கடிதம் ஓர் அஞ்சலட்டையில் நான்கே வரி. கடைசி வரியில், மூன்று மக்கள்மாரும் வந்து சேர்ந்தார்கள் என்று மட்டும் இருந்தது. என்னை ஏன் வரவில்லை என்று அதில் ஒரு சொல் இல்லை. இருந்திருந்தால் சமாதானம் எழுதியிருப்பேன்.

1989 முதல் வங்கிகளின் கணக்காண்டு மார்ச் 31-க்கு மாறியது. நாட்டின் நிதி நிர்வாகத்துக்காகச் செய்யப்பட்ட மாற்றம். என்னைப் பொறுத்தவரை தாணுமாலயன் செய்த மாற்றம் என்றே கொண்டேன். அடுத்த மார்கழியில் பத்து நாள் விடுப்பில் ஊருக்கு வந்தேன். மூன்றாம் நாள் சந்திப்புக்கும், ஒன்பதாம் நாள் சப்தாவர்ணத்துக்கும் தாய் தந்தையரை நானே அழைத்துச் சென்றேன். நடந்து அல்ல, வாடகைக் காரில். தகப்பனாருக்கு அப்போதே கால் தளர்ந்திருந்தது.

சப்தாவர்ணம் என்றதும் மனம் சற்றுத் தயங்குகிறது. அது சந்திப்பின் மறுபக்கம். ஒன்பதாம் நாள் காலையில் பிள்ளையார் தேரும் சுவாமி தேரும் அம்மன் தேரும் ரத வீதிகளில் வலம் வந்து நிலையை அடைந்து, ஊரே உவகையில் திளைத்திருக்கும். அன்று நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு மக்கள்மார் தாய் தந்தையரிடம் விடைபெற வேண்டும். கூட்டம் ஆயிரக்கணக்கில் நிற்கும். வாகனங்கள் ஒன்றை ஒன்று எதிர்கொண்டு நிற்கும். பிள்ளைகள் புறப்படுவது போல முன்னே செல்வார்கள், பிரிய மனமில்லாமல் திரும்பி வருவார்கள். மறுபடியும் செல்வார்கள், மறுபடியும் வருவார்கள். சுமந்து நிற்பவர்களின் தோளில் வாகனம் அசையும் அசைவில், தெய்வம் தயங்குவது கண்கூடாகத் தெரியும். எனக்கு விவரம் தெரிந்த நாளில் இருந்து இந்த இடத்தில் பெண்கள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஆண்டு என் தகப்பனாரும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பனி என்றார்.

இப்போது என் மகன் பெங்களூருவில் இருக்கிறான். மகள் வெளிநாட்டில். வாசகர்களில் பலருக்கும் இதே நிலைதான் என்று அறிவேன். எங்கள் தெருவில் முதியவர்கள் இருவர் மட்டுமே வாழும் வீடுகளை எண்ணத் தொடங்கினால், ஒரு கை விரல்கள் போதா. சென்ற ஆண்டு என் மனைவிக்கு முழங்கால் வலி அதிகம். நாங்கள் மூன்றாம் நாள் இரவு சுசீந்திரம் போகவில்லை. தொலைக்காட்சியில் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தோம். பத்தரை மணி ஆனதும் அவள் எழுந்து பூஜை அறையில் விளக்கின் திரியைத் தூண்டிவிட்டு, “இந்நேரம் வந்து சேர்ந்திருப்பார்கள்” என்றாள். பிள்ளையாரையும் முருகனையும்தான் சொல்கிறாள் என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு நொடி பிடித்தது. மறுநாள் காலையிலேயே, அடுத்த திருவிழாவுக்குக் கட்டாயம் வர வேண்டும் என்று மகனைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். வழக்கமாக நான் எதையும் கட்டாயம் என்று சொல்பவன் அல்லன். அவனும் அதைக் கவனித்திருக்கிறான்.

எனவே இத்திருவிழாவுக்கு வர எண்ணும் அன்பர்களுக்கும், பிள்ளைகளை வரவழைக்க எண்ணும் பெற்றோருக்கும், நாள் குறிக்கும் பழக்கமுள்ளவன் என்ற முறையில் சில செய்திகள்.

ரயிலில் முன்பதிவு முன்பு 120 நாட்களுக்கு முன்னர் தொடங்கியது. 2024 நவம்பர் முதல் அது 60 நாட்களாகக் குறைந்துவிட்டது. பஞ்சாங்கத்தில் திருவாதிரையைப் பார்த்து, மூன்றாம் நாளைக் கணக்கிட்டு, அதில் இருந்து அறுபது நாள் பின்னோக்கி எண்ணிப் பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லிவையுங்கள். கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறைகளும் சபரிமலைப் பயணமும் சேர்ந்துகொள்வதால் தெற்கே வரும் ரயில்களில் இடம் கிடைப்பது அரிது.

பத்து நாட்களும் இருக்க இயலாதவர்கள் எந்த நாளைத் தேர்ந்துகொள்வது என்று கேட்கலாம். ஐந்தாம் நாள் அதிகாலையில் மும்மூர்த்திகளுக்குக் கருட தரிசனம். வானில் கருடன் வட்டமிடுவதைக் காண அந்த நேரத்தில் அண்ணாந்து நிற்கும் முகங்களைப் பார்ப்பதே ஒரு தரிசனம். ஏழாம் நாள் கைலாச பர்வத வாகனம். பத்தாம் நாள் விடியலுக்கு முன்பே ஆருத்ரா தரிசனம், இரவில் ஆறாட்டு. ஆயினும் என்னைக் கேட்டால், முதியவர்களுக்கு மூன்றாம் நாளே ஏற்றது. தேர் நாளின் நெரிசல் அன்று இருக்காது. சந்திப்பு நடக்கும் நேரம் சற்றுப் பிந்தினாலும் நிற்க இடம் கிடைக்கும். சால்வையும் மடக்கு நாற்காலியும் கொண்டுபோங்கள். சுசீந்திரம் வரை போக முடியாதவர்கள், மக்கள்மார் புறப்படும் ஊர்களிலும் அவர்கள் கடந்துவரும் சாலைகளிலும் நின்று வணங்கலாம். வீட்டு வாசலில் விளக்கேற்றி வைத்து வரவேற்பவர்களும் உண்டு. கோயிலுக்குள் ஆண்கள் மேலாடையின்றிச் செல்ல வேண்டும் என்பதைப் பேரன்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. வாசலில் வந்து முகம் சுளிக்கும் இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒன்பதாம் நாள் தேரோட்டத்துக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். ஆனால் அந்த அறிவிப்பின் கடைசியில் ஒரு வரி இருக்கும்: இது செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வரும் விடுமுறை அல்ல என்று. அதன் பொருள், வங்கிகள் திறந்திருக்கும் என்பது. நாகர்கோவிலிலேயே பணியாற்றிய ஆண்டுகளிலும் நான் தேர் பார்க்க முடியாமல் போனதற்கு அந்த ஒரு வரியே காரணம். ஊர் முழுவதும் சுசீந்திரத்தில் இருக்க, வாடிக்கையாளர் ஒருவரும் வராத கிளையில் காசாளரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு அமர்ந்திருப்போம். அன்று சாலையில் வாகனங்களைத் திருப்பிவிடுவார்கள். சொந்தக் காரில் வருபவர்கள் காலையில் நேரத்தோடு புறப்படுவது நலம்.

அந்தத் தேர் வீதிகளைப் பற்றி இன்னொன்றும் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. இன்று எல்லாரும் தோளோடு தோள் நின்று வடம் பிடிக்கிறோம். அம்மன் தேரின் வடத்தைப் பெண்கள் பிடித்து இழுக்கிறார்கள். ஆனால் ஒரு நூற்றாண்டுக்கு முன்பு, இதே கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் நடப்பதற்கே ஒரு பகுதி மக்களுக்கு உரிமை இல்லை. அந்த உரிமைக்காக 1926-இல் இங்கே சத்தியாகிரகம் நடந்தது. கோட்டாற்றைச் சேர்ந்த டாக்டர் எம். இ. நாயுடு அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். 1936 நவம்பர் 12-ஆம் தேதி மன்னர் சித்திரைத் திருநாள் ஆலயப் பிரவேசப் பிரகடனத்தை வெளியிட்ட பிறகுதான் திருவிதாங்கூர் அரசின் கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறந்தன. அதற்கு முந்தைய மார்கழிகளில், தாய் தந்தையரைப் பார்க்க மக்கள்மார் வந்தபோது, அதே தாய் தந்தையரின் எத்தனையோ பிள்ளைகள் வீதிக்கு வெளியே நின்றிருக்கிறார்கள். தேர் பார்க்க வரும் பேரக் குழந்தைகளுக்கு இந்தச் செய்தியையும் சொல்லுங்கள். பள்ளியில் இதைச் சொல்லித்தருகிறார்களா என்று தெரியவில்லை.

சுசீந்திரம் ஆஞ்சநேயர் ஜயந்தியும் மார்கழியில்தான். சில ஆண்டுகளில் அது கொடியேற்றத்துக்கு முன்பு வரும், சில ஆண்டுகளில் ஆறாட்டு முடிந்த பிறகு வரும். பஞ்சாங்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அன்று அபிஷேகமும் லட்டுப் பிரசாதமும் பெயர் பெற்றவை. கூட்டமும் அப்படியே. தை பிறந்தால் நாகர்கோவில் நாகராஜா கோயிலில் பத்து நாள் திருவிழா. மூலவர் நாகராஜர் ஓலைக் கூரையின் கீழ் எழுந்தருளியிருக்க, கொடியும் தேரும் அங்குள்ள அனந்தகிருஷ்ணருக்கு. மாசியில் சிவராத்திரியை ஒட்டிச் சிவாலய ஓட்டம். முஞ்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலத்தில் முடியும் பன்னிரண்டு சிவாலயங்கள், வாயில் முழங்குவதோ கோவிந்த நாமம். தொடர்ந்து மண்டைக்காட்டில் மாசிக் கொடை. இவை ஒவ்வொன்றைப் பற்றியும் தனித்தனியே எழுதலாம். ஆசிரியர் இடம் தந்தால் எழுதுவேன்.

எங்கள் வீட்டுச் செய்தியைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். மகன் பயணச் சீட்டு எடுத்துவிட்டான். மூன்றாம் நாள் காலை ரயிலில் மருமகளும் பேரனுமாக நாகர்கோவில் வந்து இறங்குகிறார்கள். திரும்பும் சீட்டு ஒன்பதாம் நாள் மாலைக்கு எடுக்கப்பட்டிருந்தது. சப்தாவர்ணம் அன்று நள்ளிரவில்தான் என்று சொன்னேன். சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு, “அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கிறேன் அப்பா” என்றான். நேற்று இரவு அழைத்து, பத்தாம் நாள் ஆறாட்டுக்கு மறுநாள் மாலைக்கு மாற்றிவிட்டதாகத் தெரிவித்தான். திருவாதிரைக் களியும் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

முந்திரிக்கொத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, இப்போதே என்ன அவசரம் என்று நான் கேட்டதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், என் மனைவி அடுக்களையில் சிறுபயறு வறுத்துக்கொண்டிருக்கிறாள்.